ரத்தத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆசாமி!

ஏலம் ஏலம் போகிற ஊர் போடிநாயக்கனூர்!

அச்சுப்பிழை இல்லை சார். முதல் ஏலம் காய். இரண்டாவது ஏலம் விலை கேட்கிற ஏலம். முன்பு போல வாயால் கூவுவது கிடையாது. வரிசையாகக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பட்டனைத் தட்டுகிறார்கள். ஆனால் வியாபாரி மட்டும் மாறவில்லை. நாலு காயை உள்ளங்கையில் போட்டு உருட்டுவார். ஒன்றை உரித்து மோந்து பார்ப்பார். 8 மில்லிமீட்டர் சல்லடையில் மேலே நிற்கிற காய்க்கு ஒரு விலை, நழுவிக் கீழே விழுகிற காய்க்கு ஒரு விலை. நமக்கு எல்லாமே பாயசத்தில் போடுகிற ஏலக்காய்தான். அவருக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு.

ரத்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான். பை மேலே 'பி பாசிட்டிவ்' என்று சீட்டு ஒட்டியிருந்தால் நமக்கு எல்லாம் ஒன்றுதான். ரத்த வங்கிக்காரருக்கு அப்படி இல்லை. அவர் எதை உருட்டிப் பார்க்கிறார், எதை மோந்து பார்க்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஜீப் ஏறும் ஜனங்கள்

விடிந்தும் விடியாமலும் போடியில் ஜீப்கள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுக்க வேலை. சாயந்திரம் அதே ஜீப்பில் இறக்கம். கூலி அந்த மாநிலத்தில், ரேஷன் கார்டு இந்த மாநிலத்தில்!

உடம்புக்கு முடியாமல் போனால்? மலைமேல் இருக்கும்போது என்றால் அங்கே உள்ள ஆஸ்பத்திரி. வீட்டில் இருக்கும்போது என்றால் போடி அரசு ஆஸ்பத்திரி. பெரிய சமாசாரம் என்றால் க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அதற்கும் மேலே என்றால் மதுரை. ஆக, ஒரே ஆளின் வைத்திய சரித்திரம் இரண்டு மாநிலத்தில், நாலு ஆஸ்பத்திரியில் சிதறிக் கிடக்கும். இந்த ஒரு சங்கதியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது எந்த ரத்த வங்கி வாசலிலும் நீங்கள் பார்க்கக்கூடிய ஒரு காட்சி.

"ஏன் தம்பி, ரத்தம் குடுக்க பத்துப் பேரு வந்து நிக்கிறோம். எனக்கும் பி பாசிட்டிவ்தான். எடுத்து ஏத்திவிட வேண்டியதுதானே? இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. டெஸ்ட் நடக்குது."

"அதான் குரூப்பு பாத்தாச்சே! இன்னும் என்ன டெஸ்ட்டு?"

ஆபீசில் ஃபைல் நகராதபோது நாம் கேட்போமே, அதே தொனி. உள்ளே இருப்பவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் வெளியே இருப்பவருக்குத் தோன்றும். உண்மையில் உள்ளே ஒரு துப்பறியும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

எட்டு குரூப்போடு கணக்கு முடியவில்லை

1901-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்கிற டாக்டர் ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் ரத்தத்தோடு கலந்து பார்த்தார். சில கலந்தன, சில திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாயின. அப்படிப் பிறந்ததுதான் ஏ, பி, ஓ கணக்கு. 1930-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அப்புறம் 'ஆர்எச்' வந்து பாசிட்டிவ், நெகட்டிவ் சேர்ந்தது. மொத்தம் எட்டு குரூப். நமக்குத் தெரிந்ததும், டிரைவிங் லைசென்ஸில் இருப்பதும் இவ்வளவுதான்.

ஆனால் சிவப்பணுவின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அடையாள வில்லைகள் இந்த இரண்டோடு நிற்பதில்லை. ஆன்ட்டிஜென் என்று பெயருள்ள இந்த வில்லைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை 40-க்கும் மேற்பட்ட குடும்பங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கெல், டஃபி, கிட் என்று இங்கிலீஷ் படத்து வில்லன்கள் மாதிரி பெயர்கள். உண்மையில் அவையெல்லாம் யாருடைய ரத்தத்தில் முதன்முதலாகச் சிக்கல் தெரிந்ததோ, அந்த நோயாளிகளின் குடும்பப் பெயர்கள்!

உங்களிடம் இல்லாத ஒரு வில்லை, இன்னொருவர் ரத்தம் வழியாக உங்கள் உடம்புக்குள் வந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உடம்பு கண்டுகொள்ளாது. சில பேருக்கு மட்டும் உடம்பு விழித்துக்கொள்ளும். 'யார்றா இவன் புதுசா?' என்று அந்த வில்லைக்கு எதிராக ஆன்ட்டிபாடி என்கிற எதிர்ப்பொருளைத் தயார் செய்யும். அடுத்த முறை அதே வில்லையோடு ரத்தம் ஏறினால், ஏற்றின ரத்தத்தை உடம்பே உடைத்துத் தள்ளும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, கறுத்த சிறுநீர், சில சமயம் சிறுநீரகம் பழுது, உயிருக்கே ஆபத்து.

புது வில்லை உள்ளே வருவதற்கு இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, ரத்தம் ஏற்றிக்கொள்வது. இன்னொன்று... கர்ப்பம்! குழந்தைக்குப் பாதி வில்லைகள் அப்பாவிடமிருந்து வந்தவை. பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலக்கும். நெகட்டிவ் குரூப் அம்மாவுக்குப் பிரசவமானதும் ஒரு ஊசி போடுகிறார்களே, அது ஆர்எச் வில்லைக்கு எதிராக அம்மா உடம்பு விழித்துக்கொள்ளாமல் தடுக்க. 1968-ல் வந்த அந்த ஊசி அந்த ஒரு வில்லைக்குத்தான். மற்றவற்றுக்கு ஊசி கிடையாது.

"என் பொண்டாட்டிக்கு என் ரத்தத்தையே எடுங்க டாக்டர்" என்று உருகுகிற கணவர்கள் கவனிக்க! குழந்தை பெற்ற மனைவியின் உடம்பு, ஏற்கெனவே உங்கள் வில்லைகளுக்கு எதிராகத்தான் ஆன்ட்டிபாடி தயாரித்து வைத்திருக்க வாய்ப்பு. மனசு பொருந்தினால் ரத்தமும் பொருந்தும் என்பது சினிமாவில்தான். நீங்கள் ரத்தம் கொடுங்கள், வேறு யாருக்காவது அது போகட்டும்.

இருட்டு ரயிலில் வந்த வெளிச்சம்

ஏ, பி ஆன்ட்டிபாடிகள் முரட்டு ஆசாமிகள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டாலே கட்டி கட்டியாக்கிக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் கெல், கிட், டஃபி வகை ஆன்ட்டிபாடிகள் ஊமைக் கோட்டான்கள். சிவப்பணு மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். உருவத்தில் சின்னது. பக்கத்து அணுவைக் கையை நீட்டிப் பிடிக்க எட்டாது. அதனால் கட்டியே தெரியாது. 'ரத்தம் பொருந்திவிட்டது' என்று தோன்றும். ஏற்றின பிறகுதான் வில்லத்தனம்.

இதற்கு வழி கண்டவர் ராபின் கூம்ப்ஸ். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இவர் படித்தது மாட்டு வைத்தியம், அதாவது கால்நடை மருத்துவம்! யுத்த காலத்தில் ஒருநாள், லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு மங்கலான வெளிச்சத்தில் ரயிலில் வரும்போது இந்த யோசனை தோன்றியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

யோசனை இதுதான். ஆன்ட்டிபாடியின் கை எட்டவில்லையா? நடுவில் இன்னொரு கையைக் கொடு! மனித ரத்தத்தின் புரதத்தை முயலுக்குச் செலுத்தினால், முயலின் உடம்பு அதற்கு எதிராக ஒரு ஆன்ட்டிபாடியைத் தயாரிக்கும். அந்த முயல் சரக்கை எடுத்து டெஸ்ட் டியூபில் விட்டால், சிவப்பணுக்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊமை ஆசாமிகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிடித்துக் கபடி டீம் மாதிரி கைகோத்துவிடும். கட்டி தெரிந்துவிடும். மாட்டிக்கொண்டான் ஆசாமி!

1945-ல் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். 1908-லேயே இத்தாலியர் மொரெஸ்கி இதே தத்துவத்தைச் சொல்லியிருந்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 'கூம்ப்ஸ் டெஸ்ட்' இன்றைக்கும் ரத்த வங்கியின் முதுகெலும்பு.

மாரியம்மா கேஸ்

இனி துப்பறியும் கட்டம். உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கேஸ். போடியிலிருந்து மலைக்கு வேலைக்குப் போகிற ஒரு அக்கா. பெயர் மாரியம்மா என்று வைத்துக்கொள்வோம். வயசு 44. மூன்று குழந்தைகள். கர்ப்பப்பைக் கட்டி, விடாத உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 6. ஆபரேஷன் செய்ய வேண்டும். இரண்டு பை ரத்தம் வேண்டும். குரூப், பி பாசிட்டிவ்.

"அக்கா, முன்னாடி எப்பவாச்சும் ரத்தம் ஏத்தியிருக்கா?"

"ஏத்துனாக தம்பி. மூணாவது பிள்ளைக்கு. மேல கேரளாவுல வெச்சு. வருசம் ஆச்சு... பதினெட்டு இருக்கும்."

"சீட்டு ஏதாச்சும்?"

"அதெல்லாம் யாரு வெச்சிருக்கா!"

முதல் கட்டம், சல்லடை சோதனை. மாரியம்மாவின் ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணு தனியாக, மேலே நிற்கும் மஞ்சள் நீர் தனியாகப் பிரிக்கிறார்கள். ஆன்ட்டிபாடி இருந்தால் இந்த மஞ்சள் நீரில்தான் இருக்கும். இதை, வில்லைகள் என்னென்ன என்று முன்பே தெரிந்த இரண்டு அல்லது மூன்று 'ஓ' குரூப் ரத்த அணுக்களோடு தனித்தனியாகக் கலக்கிறார்கள். ஏன் 'ஓ'? அதில் ஏ, பி வில்லைகள் இருக்காது. அந்த இரண்டும் குறுக்கே வந்து குட்டையைக் குழப்பாது.

கலந்ததை 37 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். டியூப் முறை என்றால் அப்புறம் அணுக்களை உப்புத் தண்ணீரில் மூன்று தடவையாவது அலச வேண்டும். கொஞ்சம் மஞ்சள் நீர் மிச்சமிருந்தாலும் முயல் சரக்கு அதோடு ஒட்டி வீணாகிவிடும். 'கட்டி இல்லை' என்று வரும் டியூபையும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். ஆன்ட்டிபாடி பூசின அணுக்களை வேண்டுமென்றே அதில் போட்டுப் பார்ப்பார்கள். அப்போது கட்டியாக வேண்டும். ஆகவில்லை என்றால் டெஸ்ட்டே கோளாறு, முதலிலிருந்து செய்ய வேண்டும். 'இல்லை' என்ற பதிலுக்கும் சாட்சி கேட்கிற டிபார்ட்மென்ட் இது!

இப்போது பல இடங்களில் ஜெல் கார்டு வந்துவிட்டது. பிரான்ஸ் நாட்டு லாபியர் 1980-களில் கண்டுபிடித்தது. விசிட்டிங் கார்டு சைஸில் ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் ஆறு குட்டிக் குழாய்கள், உள்ளே ஜெல். கால்மணி நேரம் சூட்டில் வைத்து, பத்து நிமிஷம் சுழற்றினால் போதும். தனித்தனி அணுக்கள் ஜெல் வழியாக நழுவி அடியில் போய் உட்காரும். கட்டியானவை நழுவ முடியாமல் மேலேயே நிற்கும். அட, போடிக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்... ஏலக்காய்ச் சல்லடையேதான்!

மாரியம்மாவின் கார்டில் அணுக்கள் மேலே நிற்கின்றன. ஆசாமி உள்ளே இருக்கிறான். யார் அவன்?

பதினோரு சாட்சிகள்

இரண்டாம் கட்டம், 'பேனல்'. பொதுவாக 11 பேருடைய ஓ குரூப் அணுக்கள், 11 குட்டிப் பாட்டில்களில். கூடவே ஒரு பெரிய அட்டவணை. யார் யாரிடம் எந்தெந்த வில்லை உண்டு, எது இல்லை என்று கூட்டல் குறியும் பூஜ்யமுமாக. நம் ஆபீஸ் வருகைப் பதிவேடு மாதிரி.

மாரியம்மாவின் மஞ்சள் நீரை 11-லும் விட்டுப் பார்க்கிறார்கள். கூடவே அவருடைய சொந்த அணுக்களிலும். சொந்த அணுவே கட்டியானால் கதை வேறு. உடம்பு தன்னையே தாக்குகிறது என்று அர்த்தம். மாரியம்மாவுக்கு அப்படி இல்லை. 11-ல் எட்டு கட்டியாகிறது. 3, 7, 10 என்ற மூன்று மட்டும் சும்மா இருக்கிறது.

இங்கேதான் மூளை. நாமாக இருந்தால் கட்டியான எட்டைப் பார்ப்போம். டெக்னீஷியன் சும்மா இருக்கிற மூன்றைப் பார்ப்பார்! 3-ம் நம்பரில் கெல் வில்லை இருக்கிறது, ஆனாலும் கட்டியாகவில்லை. அப்படியானால் ஆசாமி கெல்லுக்கு எதிரானவன் இல்லை. கெல்லை அடி! 7-ம் நம்பரில் சின்ன 'சி'யும் 'ஈ'யும் இருக்கிறது. அடி! இப்படி ஒவ்வொரு பெயராகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது இரண்டு பேர். டஃபி-ஏ, கிட்-ஏ. அந்த மூன்று பாட்டிலிலும் இந்த இரண்டும் இல்லை. இவனா, அவனா, இரண்டு பேரும் கூட்டா?

சாட்சியை மிரட்ட இப்போது வருகிறது ஒரு பழம். பப்பாளி!

பப்பாளிப் பாலில் பாப்பெயின் என்று ஒரு என்சைம் உண்டு. கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, அதே வேலைதான். பேனல் அணுக்களைப் பாப்பெயினில் நனைத்தால் டஃபி வில்லைகள் அறுந்து விழுந்துவிடும். கிட் வில்லைகளோ இன்னும் நன்றாக வெளியே தெரியும். நனைத்த அணுக்களில் திரும்பச் சோதிக்கிறார்கள். எட்டும் முன்பைவிடப் பலமாகக் கட்டியாகிறது. கிட் மாட்டிக்கொண்டான்!

டஃபியும் கூட்டாளியா? கிட்-ஏ இல்லாத, டஃபி-ஏ மட்டும் இருக்கிற அணுவை இன்னொரு பேனலிலிருந்து தேடி எடுத்துப் போடுகிறார்கள். கட்டியாகவில்லை. டஃபி நிரபராதி. கடைசியாக மாரியம்மாவின் சொந்த அணுவில் கிட்-ஏ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லை. இருக்கவும் கூடாது; தன்னிடம் இல்லாததற்குத்தானே உடம்பு எதிர்ப்பு காட்டும்! கேஸ் முடிந்தது.

'எல்லாம் தற்செயலாக அப்படி அமைந்திருந்தால்?' என்று கேட்கிற கணக்குப் புலிகளுக்கு: குறைந்தது மூன்று பாட்டில் கட்டியாகி, மூன்று ஆகாமல் இருந்து, அது அட்டவணையோடு அச்சாகப் பொருந்தினால்தான் நம்புவார்கள். தற்செயலாக அப்படி அமைய 20-ல் ஒரு வாய்ப்பு. மாரியம்மா கேஸில் எட்டு, மூன்று. 165-ல் ஒரு வாய்ப்புதான்.

அப்புறம் அடுத்த வேட்டை. கிட்-ஏ இல்லாத பி பாசிட்டிவ் ரத்தம் வேண்டும். நம் நாட்டில் சுமார் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் கிட்-ஏ இருக்காது. இரண்டு பை கிடைக்கச் சுமார் பத்துப் பையைச் சோதிக்க வேண்டியிருக்கும். வாசலில் நிற்கிற பத்துப் பேரும் பி பாசிட்டிவ் என்றாலும், எட்டுப் பேருடைய ரத்தம் மாரியம்மாவுக்கு ஆகாது! அதோடு, கொடுக்கிற ஒவ்வொரு ரத்தத்தையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று ஐந்துக்கும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். கையிலிருந்து கைக்கு உடனே மாற்றிவிட முடியாது.

எல்லா ரத்த வங்கியிலும் பேனல் இருக்காது. விலை அதிகம், ஆயுள் சில வாரங்கள். அப்போது சாம்பிள் பெரிய ஊருக்குப் போகும். ஒருநாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ரத்தத்துக்கு அலைவதைவிட ஒரு வாரம் முன்பே சாம்பிள் கொடுப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான். விபத்து மாதிரி உயிர் போகிற அவசரத்தில் இத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். டாக்டர் பொறுப்பேற்று ஓ குரூப் ரத்தம் ஏற்றிவிடுவார். அதுவும் சரியே. ஆனால் 'ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் சேரும்' என்பது பாதி உண்மைதான். அதில் கிட்-ஏ இருந்தால் மாரியம்மாவுக்கு அதுவும் சேராது.

*(பெட்டிச் செய்தி)*
கொள்ளு ரசமும் ஊட்டி முள்ளும்

குதிரைக்கு வைக்கிற, நாம் ரசம் வைக்கிற கொள்ளு, ரத்த வங்கியிலும் உண்டு! கொள்ளுச் சாறு ஏ குரூப்பில் 'ஏ1' என்ற வகையை மட்டும் கட்டியாக்கும். இந்தியாவில் வேலை பார்த்த ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் என்கிற டாக்டர் 1951-ல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் இதை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க ஏ1, ஏ2 பிரிப்பது கொள்ளை வைத்துத்தான். ஊட்டி மலையில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்டு, மஞ்சள் பூவும் முள்ளுமாகப் பரவிக் கிடக்கும் 'கார்ஸ்' புதரின் விதைச் சாறு, ஓ குரூப்பின் அடையாளமான 'எச்' வில்லையைக் காட்டிக் கொடுக்கும். (கொள்ளு ரசம் குடித்தால் குரூப் மாறுமா என்று கடிதம் எழுத வேண்டாம். மாறாது.)

பம்பாயிலிருந்து கோலார் வரை

ஊட்டி முள்ளுக்கு வேலை வைத்த கேஸ் ஒன்று உண்டு. 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் மூன்று பேருடைய ரத்தத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். குரூப் சோதித்தால் ஓ. ஆனால் எந்த ஓ ரத்தத்தோடும் சேரவில்லை! பேனலில் 11-ம் கட்டியாகும், சொந்த அணு மட்டும் ஆகாது என்கிற வகை. ஓ குரூப்புக்கு அடிப்படையான எச் வில்லையே அவர்களிடம் இல்லை என்று தெரிந்தது. லண்டன் 'லான்செட்' இதழில் செய்தி வந்தது. அதுதான் 'பம்பாய் குரூப்'. ஊர் மும்பை ஆனபிறகும் குரூப் பெயர் மாறவில்லை. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்தால்தான் இது வரும். அதனால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். இவர்களுக்கு இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் கொடுக்க முடியும். 1957-ல் பம்பாயில் ரத்த வகைகளுக்கென்றே தொடங்கிய மத்திய அரசின் ஆய்வு மையம், இன்றும் கே.இ.எம். ஆஸ்பத்திரி வளாகத்தில் இப்படிப்பட்ட சிக்கல்களை அவிழ்க்கிறது.

அதெல்லாம் பழைய கதை என்கிறீர்களா? 2024-ல் கர்நாடகாவில் கோலாரில் 38 வயசுப் பெண் ஒருவர் இதய ஆபரேஷனுக்குச் சேர்ந்தார். ஓ பாசிட்டிவ். எந்த ரத்தமும் சேரவில்லை. பெங்களூர் ரோட்டரி டி.டி.கே. ரத்த மையம் சொந்தக்காரர்கள் 20 பேரைச் சோதித்தது. ஒருவருடையதும் சேரவில்லை! டாக்டர்கள் ஒரு சொட்டு ரத்தம் ஏற்றாமலே ஆபரேஷனை முடித்தார்கள். சாம்பிள் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் போனது. சுமார் பத்து மாத ஆராய்ச்சிக்குப் பிறகு, உலகத்துக்கே புதிய வில்லை என்று முடிவாகி, 2025 ஜூனில் இத்தாலியின் மிலான் மாநாட்டில் 'கிரிப்' என்று பெயர் அறிவித்தார்கள். அதிலே ஒரு எழுத்து இந்தியாவுக்கு, ஒரு எழுத்து பெங்களூருக்கு.

காணாமல் போகிற கில்லாடி

இப்போது முதலில் ஞாபகம் வைக்கச் சொன்ன சங்கதிக்கு வருவோம்.

கிட் ஆன்ட்டிபாடிக்கு ஒரு கெட்ட குணம். சில மாதங்களில், சில வருஷங்களில் ரத்தத்தில் மெல்லக் குறைந்து, கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போய்விடும். ஆனால் உடம்பு மறக்காது. போடி ரயில் மாதிரிதான். 2010 கடைசியோடு மீட்டர்கேஜ் ரயில் நின்றது. 'இனி அவ்வளவுதான்' என்று எல்லாரும் நினைத்தார்கள். 2023 ஜூனில் அகலப் பாதையில் ஜோராக வந்து நின்றது! கிட் ஆன்ட்டிபாடியும் அப்படித்தான். அதே வில்லை திரும்ப உள்ளே வந்தால், சில நாட்களில் பழையதைவிட வேகமாகப் பெருகும்.

மாரியம்மாவுக்கு இப்போது ஆன்ட்டிபாடி தெரிந்தது நல்ல காலம். தெரியாமல் மறைந்திருந்தால்? எல்லா டெஸ்ட்டும் 'பொருந்துகிறது' என்றே சொல்லும். ரத்தம் ஏறும். ஆபரேஷன் நல்லபடியாக முடியும். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், ஏற்றின ரத்தமெல்லாம் கரைந்து ஹீமோகுளோபின் திரும்ப 6! 'மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி குடு' என்று யாராவது சொல்வார்கள். ரத்தம் ஏற்றினதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தோன்றாது.

இதைத் தடுக்கிற மெஷின் எதுவும் கிடையாது. தடுப்பது ஒரு துண்டுச் சீட்டு! ஒரு தடவை எங்கேயாவது ஆன்ட்டிபாடி கண்டுபிடித்தால் அதன் பெயரை எழுதித் தருவார்கள். இன்றைக்கு டெஸ்ட்டில் தெரியாவிட்டாலும், அந்தச் சீட்டைக் காட்டினால் அந்த வில்லை இல்லாத ரத்தத்தைத்தான் தேடுவார்கள், ஆயுசுக்கும். மேலே கேரளாவில் கண்டுபிடித்தது கீழே தேனியில் தெரிய வேண்டும் என்றால், அது போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி மாரியம்மாவின் சுருக்குப் பையில்தான் வர வேண்டும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

உங்களால் ஆகக்கூடியது இவ்வளவுதான்:

• வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்றினால், எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை பை என்று எழுதி வையுங்கள். ரிப்போர்ட்டில் 'ஆன்ட்டிபாடி' என்ற வார்த்தை இருந்தால் போட்டோ எடுத்து போனில் வையுங்கள். ஒரிஜினல் ஆதார் கார்டோடு இருக்கட்டும்.

• ரத்தம் ஏற்றி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மஞ்சள், கறுத்த சிறுநீர் வந்தால் நேராக அதே ஆஸ்பத்திரி. "ரத்தம் ஏத்தினோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

• அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிற தலசீமியா நோயாளிகளும், பல பிரசவம் கண்ட பெண்களும் ஆபரேஷன் தேதி குறித்ததுமே சாம்பிள் கொடுத்துவிடுவது நல்லது.

• நீங்கள் 18 வயசு தாண்டிய திடகாத்திரமான ஆசாமி என்றால், யாருக்கோ அவசரம் என்று போன் வரும்வரை காத்திராமல் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கொடுங்கள். பத்துப் பையில் இரண்டு தேற வேண்டுமென்றால், முதலில் பத்துப் பை அலமாரியில் இருக்க வேண்டும்!

• ரத்த வங்கி வாசலில் "இன்னும் என்ன டெஸ்ட்டு?" என்று எகிற வேண்டாம். உள்ளே பென்சிலும் கையுமாக ஒருவர் பெயர்களை அடித்துக்கொண்டிருக்கிறார். அவசரப்படுத்தினால் தப்பான பெயரை அடித்துவிடப் போகிறார்.

இன்று சாயந்திரம் ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். "உனக்கு என்ன குரூப்பு? எப்பவாச்சும் ரத்தம் ஏத்தியிருக்காங்களா?" பல பேருக்கு முதல் கேள்விக்கே பதில் தெரியாது. ரேஷன் கார்டு நம்பர் மனப்பாடமாக இருக்கும், இது இருக்காது.

"என்னடா திடீர்னு?" என்று அம்மா பயந்துபோய்க் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, புஸ்தகத்துல போட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு, பதிலை மட்டும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.